தொட்டில் தர்மகர்த்தா

கோயிலுக்கு ஒரு தர்மகர்த்தா இருப்பதுபோல் நம் குடும்பங்களில் பழைய மரத்தொட்டிலுக்கும் ஒரு தர்மகர்த்தா உண்டு. அவரை நியமனம் செய்தவர் யாருமில்லை. பதவிக்காலம் என்று ஒன்றும் கிடையாது. சம்பளமாக அவர் பெறுவதெல்லாம், தொட்டிலிடும் வைபவத்தன்று நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு தொட்டிலின் பூர்வோத்தரங்களை விஸ்தரிக்கும் உரிமை ஒன்றுதான்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஈஸிசேரில் பத்திரிகையும் கையுமாக அமர்ந்திருக்கும் இந்தப் பெரியவர், குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு என்று கேள்விப்பட்ட நாள் முதல் பரணை அடிக்கடி அண்ணாந்து பார்க்கத் தொடங்குவார். குழந்தை பிறக்குமுன் தொட்டிலைப் பற்றிப் பேசுவது அபசகுனமாதலால் வாயைத் திறக்க மாட்டார். பிறந்த செய்தி வந்ததோ இல்லையோ, ஏணி வந்துவிடும்.

அப்படி இறங்கி வருகிற தொட்டிலைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கடைசல் பிடித்த கம்புகள். நாலு மூலையிலும் குமிழ். தலைப்பக்கம் இரண்டு கிளிகள், அவற்றில் ஒன்றுக்கு மூக்கு இராது. சிவப்பும் பச்சையுமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, எத்தனையோ பிரசவத்து வர்ணங்கள். மரம் வேம்போ பலாவோ, தர்மகர்த்தாவின் வாக்கில் அது பர்மாத் தேக்குத்தான். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்ததென்றும், இதற்கீடான மரத்தை இந்தக் காலத்தில் கண்ணால் காணவும் முடியாதென்றும் அவர் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, அடிச்சட்டத்தின் சின்னஞ்சிறு துவாரங்களிலிருந்து மெல்லிய தூள் உதிரும். அதை மேல்துண்டால் துடைத்துவிட்டு, பரண் தூசி என்பார். அந்தத் துவாரங்களில் குடியிருக்கும் வண்டுகளும் அந்த வியாக்கியானத்தை ஆட்சேபிப்பதில்லை.

தொட்டிலின் க்ஷேமத்துக்கு அவர் காட்டும் பிரமாணம் ஒன்றே: “இதில் பதினோரு பேர் வளர்ந்தோம், யாருக்கு என்ன ஆயிற்று?” தர்க்க சாஸ்திரிகள் கவனிக்கவேண்டிய வாதம் இது, ஏதேனும் ஆகிவிட்ட சிசு எழுந்து வந்து எதிர்சாட்சி சொல்ல இயலாதாகையால், எந்தக் காலத்திலும் எந்தத் தொட்டிலும் வழக்கில் தோற்றதில்லை. பதினோரு பேரில் ஒருவர் டிப்டி கலெக்டராக உயர்ந்த கதையை அவர் சொல்லும்போது, அந்தப் பதவியில் ஒரு பங்கு கம்புகளுக்கும் சேரவேண்டியதுதான் என்று நமக்கே தோன்றிவிடும். டிப்டி கலெக்டரின் இடது புருவத்துக்கு மேலிருந்த தழும்பைப் பற்றி விசாரித்தால் மட்டும் பேச்சு பருவமழையின் பக்கம் திரும்பிவிடும்.

பிள்ளை பெற்றவளோ தையல் டேப்புடன் வருகிறாள். “பெரிய மாமா, கம்புக்குக் கம்பு எட்டு சென்டிமீட்டர் இருக்கிறதே?” என்கிறாள். அவள் கேட்பதில் விஷயம் இருக்கிறது. சிசுவின் தேகத்தில் தலைதான் பெரிது. உடம்பு நழுவிப்போன இடைவெளியில் தலை போகாமல் சிக்கிக்கொண்டால் கழுத்தின் கதி என்ன என்று யோசித்தே, அமெரிக்க சர்க்கார் 1973இல் இந்த இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கலாகாது என்று விதி செய்தது. சட்டை மாட்டிக்கொள்ளும் என்பதால் மூலைக்குமிழ் நீட்டிக்கொண்டிருப்பதையும் அங்கே ஏற்பதில்லை. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட பெரியவர், “அமெரிக்கக் குழந்தைகளின் தலைவாகு வேறு, அம்மா” என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

வர்ணத்தைப் பற்றிய விசாரணைக்கும் இதே கதிதான். பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் சேர்ப்பது சர்வசாதாரணம். கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் பூசுவதைக் கட்டுப்படுத்தி ஜினீவாவில் 1921ஆம் ஆண்டிலேயே சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. நம் நாட்டிலோ, வீட்டு வர்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்ற விதி 2016இல்தான் பிறந்தது. கிளிகளுக்குப் பச்சை பூசியவர் இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே எங்கோ நின்று பூசியிருக்கிறார். பல் முளைக்கிற குழந்தை முதலில் எதைக் கடிக்கும் என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. “நானும்தான் கடித்தேன்” என்று தர்மகர்த்தா மேல்சட்டத்தில் தம் பல்தடத்தைப் பெருமையுடன் காட்டுவார். ஈயம் மூளையின் வளர்ச்சியைப் பாதிக்கும் என்று படித்தது அச்சமயம் நினைவுக்கு வரும். வயதுக்கு மரியாதை கொடுத்து வெளியே சொல்வதில்லை.

சரி, ஆட்டியாவது பார்க்கலாமென்றால், வெறுந்தொட்டிலை ஆட்டலாகாது. குழந்தையை விடுமுன் ஆட்டிப் பார்ப்பது சம்பிரதாய விரோதம். விட்டபின் ஆட்டிப் பார்ப்பது பரீட்சை ஆகாது. சில குடும்பங்களில் அம்மிக்குழவியை முதலில் இட்டு ஆட்டிவிட்டுப் பிறகே குழந்தையை இடும் வழக்கம் உண்டு; பாரம் தாங்குமா என்று முன்னோர் கண்டுபிடித்த யுக்தி இதுவோ என எண்ணி நான் மகிழ்ந்ததுண்டு. நம்மவர் அந்தக் குழவிக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, சங்கிலிக்கு நோகாதபடி தொட்டிலைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு, பெயருக்கு ஒருதரம் அசைத்துச் சடங்கை முடித்துவிடுவார்.

இதைக் கொண்டு அவர் ஜாக்கிரதை இல்லாதவர் என்று எண்ணிவிடலாகாது. கடையில் வாங்கிய புதுத் தொட்டில் ஒன்றை அவர்முன் கொண்டுவந்து வையுங்கள். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொள்வார், திருகாணிகளை எண்ணுவார், வர்ணத்தை முகர்ந்து முகத்தைச் சுளிப்பார், கம்புகளுக்கிடையே முஷ்டியை விட்டுப் பார்ப்பார், மெத்தை அமுங்குகிறதே, குழந்தை குப்புறப் புரண்டால் மூச்சு எப்படி வரும் என்று, சாமான் இறக்க வந்த பையனை நிற்கவைத்துக் கேட்பார். பழைய தொட்டிலுக்குச் செய்யவேண்டிய பரீட்சை அத்தனையும், ஒன்றுகூடக் குறையாமல், அந்த மனிதருக்குத் தெரியும்! அவற்றை மூத்தோர்மீது பிரயோகிப்பது அவமரியாதை என்பதுதான் அவர் கட்சி. தொட்டில் அவரைவிட மூத்தது.

ஒரு வீட்டில், எப்போதோ காணாமற்போன கம்புக்குப் பதிலாக ஆசாரி புதுக்கம்பு ஒன்று கடைந்து பொருத்தியிருந்தார். தர்மகர்த்தாவுக்கு அதன்மேல் நம்பிக்கை பிறக்கவில்லை. “இதைத்தான் நன்றாகப் பார்க்கவேணும்” என்று சம்மணமிட்டு உட்கார்ந்து, அதை இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உலுக்கினார். புதுக்கம்பு அசையவில்லை. அதற்கு இப்புறமும் அப்புறமும் இருந்த பழைய கம்புகள் இரண்டும் கழுந்து உளுத்துத் தரையில் விழுந்தன. பிள்ளை பெற்றவள் குழந்தையை அணைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். ஆசாரி உத்திரத்தைப் பார்த்தார்.

“நான் சொன்னேனா இல்லையா?” என்றார் பெரியவர். “புதுசு உள்ளே வந்தால் பழசை வெளியே தள்ளிவிடும்.”