பழுப்பைப் பார்த்துக் கிரேடு போடுவது எப்படி? ஐயம்பேட்டைக் குடும்பங்களுக்கு ஒரு கையேடு

வீட்டில் பெரியவருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. பயாப்ஸி எடுத்தாகிவிட்டது, ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறதா? கவலையே வேண்டாம், கிரேடை நாமே போட்டுவிடலாம். பட்டுக்குச் சாயம் தோய்க்கும் ஐயம்பேட்டைக்காரனுக்கு நிறத்தைப் பற்றி யார் பாடம் எடுக்க முடியும்? அரக்குக்கும் மெரூனுக்கும் நடுவில் எத்தனை சாயல் என்று வெயிலில் கழியைத் தூக்கிப் பார்த்தே சொல்லுகிற ஊர் இது. நோயியல் டாக்டர் பார்ப்பதும் சாயம் ஏற்றிய துணுக்கைத்தானே!

முதல் வேலையாகக் குடும்பத்துக்கு ஒரு தலைமை நிபுணரை நியமியுங்கள். அதிகம் படித்தவர் தேவையில்லை, அதிகம் போன் பார்ப்பவர் போதும். வழக்கமாக இந்தப் பதவி சென்னையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குப் போகும். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அவருக்கு அனுப்புங்கள். படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் நல்லது, தீர்ப்பு தைரியமாக வரும்.

அடுத்து, ரிப்போர்ட்டின் மேல் பாதியைத் தாண்டிவிடுங்கள். அங்கே ஹெமாட்டாக்ஸிலின், ஈயோசின் போட்ட ஸ்லைடில் கண்டதை எழுதியிருப்பார்கள். செல்களின் வரிசை குலைந்திருக்கிறதா, உட்கரு பெருத்துக் கறுத்து ஆளுக்கொரு அளவில் நிற்கிறதா, செல்பிரிவு மேலடுக்கு வரை ஏறியிருக்கிறதா என்றெல்லாம். லோ கிரேடா ஹை கிரேடா என்று உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு முடிவுசெய்வது இந்த அமைப்பை வைத்துத்தான். கட்டியில் ஹை கிரேடு பகுதி நூற்றுக்கு ஐந்து பங்கை எட்டினாலே மொத்தமும் ஹை கிரேடு என்பது 2022 பதிப்பின் கணக்கு. நமக்கெதற்கு அது? ஹெமாட்டாக்ஸிலின் என்பது மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் கட்டையில் எடுப்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பட்டைக் கறுப்பாக்கியதும் அந்தக் கட்டைதான். ஆய்வகத்தில் இன்றும் அதைப் படிகாரம் சேர்த்துத்தான் பிடிக்கவைக்கிறார்கள். தாத்தா காலத்துச் சாயத்தை வைத்தா புற்றுநோய்க்குக் கிரேடு?

நமக்கு வேண்டியது பழுப்பு. ரிப்போர்ட்டின் கீழ்ப் பாதியில் ஐ.ஹெச்.சி. என்று இருக்கும். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடியைத் துணுக்கின் மேல் விட்டு, அது ஒட்டிய இடத்தில் நொதி ஒன்றின் உதவியால் பழுப்பு படியவைக்கிறார்கள். இனி சூத்திரம் சுலபம்: பழுப்பு என்றால் ஆபத்து, பழுப்பு இல்லையென்றால் பிழைத்தோம்.

இந்தச் சூத்திரத்தைக் கெடுக்கவென்றே சில மார்க்கர்கள், அதாவது ஆன்டிபாடி தேடும் புரதங்கள், இருக்கின்றன. சிகே20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சிறுநீர்ப்பையிலும் மேலே குடை மாதிரி கவிந்திருக்கும் செல்கள் அதில் பழுப்பாகத்தான் தெரியும். அடி முதல் நுனி வரை எல்லா அடுக்கும் பழுப்பானால்தான் சந்தேகம். சிடி44 நேர்மாறு. அடியடுக்கில் பழுப்பு இருப்பது இயல்பு, வீக்கத்தால் செல்கள் கலவரப்பட்டிருந்தால் எல்லா அடுக்கிலும் பழுப்பு ஏறும், படுக்கைவசத்தில் பரவும் ஹை கிரேடு புற்றாக இருந்தால் பழுப்பே காணாமல் போகும். அதாவது வெறிச்சென்று இருப்பதுதான் கெட்ட செய்தி. பி53 இன்னும் மோசம். உட்கருக்கள் எல்லாம் அடர்ந்த பழுப்பானாலும் தப்பு, ஒன்றில்கூட ஒட்டாமல் போனாலும் தப்பு. இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளிறித் தெரிந்தால்தான் இயல்பு. இதை மாப்பிள்ளையிடம் சொல்லாதீர்கள், பதவி போய்விடும்.

அவருக்குப் பிடித்தது கேஐ-67. பிரியத் தயாராகிக்கொண்டிருக்கும் செல்களை எண்ணிச் சதவீதமாகச் சொல்லுகிற மார்க்கர். ஜெர்மனியின் கீல் நகரில் 1980-களில் கண்டுபிடித்தது. ஊர்ப் பெயரோடு ஆய்வகத் தட்டில் அது இருந்த குழியின் எண்ணையும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். கிரேடு ஏற ஏற இந்தச் சதவீதமும் பொதுவாக ஏறும், அது உண்மை. ஆனால் லோ கிரேடின் உச்சமும் ஹை கிரேடின் அடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். கோடு எங்கே போடுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. கவலைப்படாமல் கூகுளில் முதலில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்வதேச சிறுநீரியல் நோயியல் சங்கம் 2014-இல் சொன்னது ஒன்று உண்டு: முதலில் அமைப்பைப் பார், அதில் சந்தேகம் நின்றால் மட்டும் இந்த மார்க்கர்களைத் துணைக்குக் கூப்பிடு, அவற்றை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதே. இப்படிச் சொல்லுகிறவர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கக் கூடாது.

பழுப்பு சரியாகவே வராமல் செய்யவும் வழி இருக்கிறது. பயாப்ஸித் துண்டு இருக்கும் குப்பியை லேப்புக்குக் கொண்டுபோகும் வேலை பல இடங்களில் உறவினர் தலையில்தான் விழுகிறது, ஆகவே வாய்ப்பு நம் கையில். துண்டைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும் என்பார்கள். பாதியைக் கொட்டிவிட்டால் பையில் சிந்தாது. ஆறு மணி நேரமாவது ஊற வேண்டும், எழுபத்திரண்டு மணியைத் தாண்டக் கூடாது என்பார்கள். நல்ல நாள் பார்த்து அடுத்த வாரம் கொடுங்கள். பசை போகக் காய்ச்சாத பட்டில் சாயம் எப்படித் திட்டுத்திட்டாக நிற்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்லைடிலும் அதே திட்டு விழும். பிறகு லேப்பைத் திட்டலாம்.

கிரேடு எதற்கு என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும். லோ கிரேடு கட்டி திரும்பத் திரும்ப முளைக்கும், ஆழமாக இறங்குவது அபூர்வம். ஹை கிரேடு இறங்கும். தசைக்குப் போகாத ஹை கிரேடு கட்டிக்குப் பெரும்பாலும் சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி விடுவார்கள். ஆமாம், பிறந்த குழந்தைக்குக் கையில் போடும் அதே பிசிஜிதான். ஆகவே மாப்பிள்ளையின் கிரேடு தப்பினால் ஒருவருக்குத் தேவையில்லாத சிகிச்சை கிடைக்கும், அல்லது தேவையான சிகிச்சை கிடைக்காது. சின்ன விஷயம்தான்.

கையேட்டில் சேர்க்கத் தயங்கிய சங்கதி ஒன்று பாக்கி. அந்தப் பழுப்பைத் தரும் வேதிப்பொருளின் பெயர் டயமினோபென்ஸிடின். பென்ஸிடின் குடும்பம். பென்ஸிடினோ சிறுநீர்ப்பைப் புற்றை உண்டாக்கும் என்று ஐயமறத் தெரிந்த பொருள். ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரென் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே, சாய ஆலைத் தொழிலாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைச் சுட்டிக்காட்டினார். அவர்கள் தயாரித்தது ஃபூக்ஸின், நாம் மெஜந்தா என்கிற நிறத்துக்குப் பெயர் கொடுத்த சாயம். பென்ஸிடின் சார்ந்த சாயங்களை இந்தியா தடை செய்ய 1990-கள் வரை ஆனது. அதற்கு முன் வெறுங்கையோடு சாயத்தொட்டியில் நின்றவர்கள் நம் நாட்டில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த நோய் தலைகாட்ட இருபது, முப்பது வருஷம்கூட ஆகும். பீடி, சிகரெட் புகையிலும் பென்ஸிடினைப் போன்ற அமீன்கள் இருக்கின்றன. இந்தப் புற்றுக்கு முதல் காரணமே புகைதான்.

இதில் மட்டும் கேலி இல்லை. சிறுநீரில் ஒரு தடவை ரத்தம் போனாலும், வலியே இல்லாவிட்டாலும், போய்க் காட்டுங்கள். பக்கத்திலேயே காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ரிப்போர்ட் வந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: லோ கிரேடா ஹை கிரேடா, எடுத்த துண்டில் தசை இருந்ததா. சாயப்பட்டறையில் எத்தனை வருஷம், பீடி எத்தனை வருஷம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.