சாய்ந்தால் என்ன, நிமிர்ந்தால் சரி!

கேள்வி: விமானம் ஏன் சாய்ந்து திரும்புகிறது? பஸ் மாதிரி நிமிர்ந்தபடியே திரும்பக் கூடாதா?

பதில்: பஸ்ஸின் டயருக்குத் தார்ச்சாலை பிடிமானம் தருகிறது. வானத்தில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? இறக்கையின் தூக்குவிசை ஒன்றுதான். விமானத்தைச் சாய்த்தால் அந்த விசையும் சாய்கிறது. அதில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுத்து விமானத்தைத் திருப்புகிறது. வாலில் இருக்கும் சுக்கானுக்கு இதில் எடுபிடி வேலைதான். ரைட் சகோதரர்கள் காலத்தில் பலர் வானூர்தியைப் படகாக நினைத்துக்கொண்டு சுக்கானையே நம்பியிருந்தார்கள். ரைட் சகோதரர்களோ சைக்கிள் கடைக்காரர்கள். சாயாமல் திரும்பினால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் இறக்கை பூமியைக் குத்தப்போவதுபோல் இருக்கிறதே! உண்மையில் எவ்வளவு சாய்க்கிறார்கள்?

பதில்: உங்கள் கண் சொல்வதில் பாதியைக் கழித்துவிடுங்கள். பயணிகள் விமானத்தில் வழக்கமாக 25 டிகிரி, மிஞ்சினால் 30. இந்தச் சாய்வை விமானிகள் ‘பேங்க்’ என்பார்கள். உங்கள் சேமிப்புக் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உயரம் குறையாமல் 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் உங்கள் எடை சுமார் 15 சதவீதம் கூடியதுபோல் அழுத்தும். 60 டிகிரியில் இரட்டிப்பு: 70 கிலோ ஆசாமி 140 கிலோ! இறக்கையும் அந்தச் சுமையைத் தூக்கியாக வேண்டுமே? அதனால் விமானம் கீழே விழாமலிருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 41 சதவீதம் ஏறிவிடும். இறங்கும் நேரத்தில், தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும்போது இந்தக் கணக்கை மறந்த விமானிக்கு மறுதேர்வு கிடைப்பது அபூர்வம். பல விமானங்களில் 35 டிகிரியைத் தாண்டினால் ‘பேங்க் ஆங்கிள்’ என்று ஒரு குரல் அதட்டும்.

கேள்வி: அவ்வளவு சாய்ந்தும் என் காபி கொட்டவில்லையே?

பதில்: சரியாகத் திருப்பினால் கொட்டாது. எல்லா விசையும் சேர்ந்து உங்களையும் காபியையும் விமானத்தின் தரையை நோக்கித்தான் அழுத்தும். பாப் ஹூவர் என்ற அமெரிக்க விமானி, விமானத்தை முழுச் சுற்று உருட்டிக்கொண்டே டம்ளரில் ஐஸ் டீ ஊற்றிக் காட்டுவார். 1955இல் டெக்ஸ் ஜான்ஸ்டன் என்ற போயிங் சோதனை விமானி, சியாட்டிலில் கூடியிருந்த விமானத் துறைப் பெரிய மனிதர்கள் பார்க்க, போயிங் 707இன் முன்னோடி விமானத்தையே உருட்டினார். அதுவும் இரண்டு முறை. மேலிடம் கூப்பிட்டு விசாரித்தது. வேலை போகவில்லை.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டால் சாய்வது தெரியுமா?

பதில்: மெதுவாகச் சாய்ந்தால் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேகமான அசைவைத்தான் பிடிக்கும். நிதானமாகச் சாய்த்தால் ஏமாந்துவிடும். அது மட்டுமா, நீண்ட திருப்பத்திலிருந்து விமானத்தை நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகப் பொய்யும் சொல்லும். அதனால்தான் விமானிக்கு முன்னால், தொடுவானத்தைக் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. அதுவே பொய் சொன்னால்?

1978 ஜனவரி 1, இரவு. ‘எம்பரர் அசோகா’ என்ற ஏர் இந்தியா போயிங் 747 பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. வலப்பக்கம் லேசாகத் திரும்பி நிமிர்ந்தது. ஆனால் கேப்டனின் கருவி மட்டும் நிமிரவில்லை; விமானம் இன்னும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. வெளியே பார்த்தால் இருட்டும் அரபிக்கடலும். தொடுவானம் என்று ஒரு கோடு கிடையாது. இல்லாத சாய்வைச் சரிசெய்ய அவர் இடப்பக்கம் திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார். கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கேள்வி: கப்பல் சாய்வதும் இதே கதைதானே?

பதில்: இல்லை, கிட்டத்தட்ட நேர் எதிர். திரும்பும்போது விமானம் வளைவின் உள்பக்கம் சாயும். பெரிய கப்பல் வெளிப்பக்கம் சாயும். விமானத்தை விமானி சாய்க்கிறார், கப்பல் தானாகச் சாய்கிறது. அலையில் இப்படியும் அப்படியும் ஆடினால் அது ‘ரோல்’. வாந்தி வரும், அவ்வளவுதான். காற்றோ திருப்பமோ தள்ளிச் சாய்ந்தால் ‘ஹீல்’; தள்ளுவது நின்றால் நிமிரும். உள்ளே சரக்கு நகர்ந்தோ தண்ணீர் சேர்ந்தோ ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டால் ‘லிஸ்ட்’. மாலுமிகளின் முகம் மாறுவது அப்போதுதான்.

கேள்வி: கொச்சி பக்கம் மூழ்கிய கப்பலுக்கு வந்தது லிஸ்ட்தானா?

பதில்: அதேதான். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3, 2025 மே 24 அன்று 26 டிகிரி சாய்ந்து நின்றது. 640 கண்டெய்னர்களைச் சுமந்த கப்பலுக்கு 26 டிகிரி என்பது சின்ன எண் அல்ல. கண்டெய்னர்கள் கடலில் சரிந்தன. மறுநாள் கப்பலே போய்விட்டது. 24 ஊழியர்களும் காப்பாற்றப்பட்டார்கள். அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணை குமரிக் கடற்கரைவரை வந்து ஒதுங்கியது.

கேள்வி: கப்பல் சாயுமா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடியாதா?

பதில்: முடியும், பார்த்தும் இருக்கிறார்கள். சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் ‘வாசா’ போர்க்கப்பலில் 30 மாலுமிகளை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்தில் கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்த தளபதி, போதும் என்று கைகாட்டிவிட்டார். சோதனையைத்தான் நிறுத்தினார்கள், பயணத்தை அல்ல. மன்னருக்கு அவசரம். 1628 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பிய கப்பல் ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. ஒரு காற்று அடித்தது, கப்பல் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்தது. ஸ்டாக்ஹோம் மக்கள் கரையில் நின்று பார்த்தார்கள். பிறகு விசாரணை வைத்தார்கள். கட்டிய தலைமைத் தச்சர் முந்திய ஆண்டே இறந்திருந்தார். அளவுகளுக்கு ஒப்புதல் தந்தவரோ மன்னர். யாருக்கும் தண்டனை இல்லை.