அலமாரிக்கு ஒரு பாராட்டு

எங்கள் சட்டக் கல்லூரி நூலகம்போல் புத்தகத்தைப் பேணும் இடத்தை நான் பார்த்ததில்லை. 1914 முதலான ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) தீர்ப்புத் தொகுதிகள் கண்ணாடிக் கதவுக்குள் வரிசை குலையாமல் நிற்கின்றன. ஒரு பக்கம் மடிந்திருக்காது; ஓரத்தில் பென்சில் கீறல் இருக்காது. பூட்டின் சாவியும் இத்தனை வருடத்தில் தொலைந்ததில்லை. மாணவர் கைக்குப் போனால்தானே தொலையும்!

சனிக்கிழமை எங்கள் சட்ட உதவி மையத்துக்கு ஓர் அம்மா வந்தார். கணவர் விட்டுப்போய் மூன்று வருடம். ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில். ஜீவனாம்ச மனு போட வேண்டும். என் மாணவி ஒருத்தி நூலகத்துக்கு ஓடினாள். நூலகம் அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்கு மூன்று தடித்த உரைநூல்களை எடுத்து வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 144-ஆம் பிரிவு. ஆனால் பழையதைச் சட்டென்று கைவிடும் வழக்கம் எங்கள் நூலகத்துக்கு இல்லை.

பாடம் நடத்துவதிலும் குறை சொல்ல முடியாது. அரசியலமைப்புத் திருத்தம் பற்றிய கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் யார் எந்தப் பக்கம் என்று அந்த மாணவி தூக்கத்திலும் சொல்வாள். அன்று அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் கடனையும் அஃபிடவிட்டில் காட்ட வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், 2020 நவம்பரில், உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கான படிவம் தீர்ப்போடேயே இணைந்திருக்கிறது. எங்கள் ஐந்து வருடப் படிப்பு அந்தப் படிவத்தை எங்கும் தொடாமல் பார்த்துக்கொள்கிறது.

சந்தா கட்டிய தரவுத்தளமும் உண்டு. அதற்கும் அதே காவல்தான்: வளாகத்துக்குள் மட்டும், மாலை 4.30 வரை. மையம் நடப்பதோ பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில்.

2023 முதல் உச்ச நீதிமன்றமே இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகத் தருகிறது. சட்டங்களுக்கு இந்தியா கோடு, தேடிப் பார்க்க இந்தியன் கானூன். இவற்றின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டி அதன் சுத்தத்தைக் கல்லூரி கெடுக்கவில்லை.

மாணவி தன் செல்போனில்தான் ரஜ்னேஷ் தீர்ப்பை எடுத்தாள். படிவத்தைத் திண்ணையில் உட்கார்ந்து கையாலேயே எழுதினாள். வியர்வை பட்டு மை கலைந்தது. அந்த அம்மா சொல்லச் சொல்ல இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள். அப்படி ஓர் அழுக்குத் தாளை எங்கள் நூலகத்தில் யாரும் பார்க்க முடியாது.