சேர்மன் அவர்கள் சமூகத்துக்கு

பெறுநர்: தலைவர், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம், சென்னை.
பொருள்: தீபாவளிப் பட்டாசு நேரத்தை ஏரல் நிலவரத்துக்கு ஏற்பத் திருத்துதல் தொடர்பாக.
பார்வை: உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 23.10.2018.

ஐயா,

அதிகாரத்தை மதிக்காத ஊர் என்று எங்களைத் தாங்கள் நினைத்துவிடக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் ஊர் சேர்மனாக இருந்து 1908-இல் மறைந்த அருணாசலத்துக்குக் கோயில் எழுப்பி, இன்றுவரை 'சேர்மன் சாமி' என்றே கும்பிடுகிறவர்கள் நாங்கள். ஆடி அமாவாசைக்கு வந்து பாருங்கள், தாமிரபரணிக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. தாங்களும் ஒரு சேர்மன் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. தீபாவளி நெருங்கினால் இந்த நேரத்தை நினைவூட்டி அறிக்கை வந்துவிடுகிறது. உச்ச நீதிமன்றம் முதலில் சொன்னது இரவு 8 முதல் 10 வரை. நமக்குத் தீபாவளி விடியலில் அல்லவா என்று தமிழக அரசு போய் முறையிட, நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். அப்படி வாதாடி வாங்கிய இரண்டு மணி நேரத்தை ஏரலில் யாரும் வீணாக்குவதில்லை. மீதி இருபத்திரண்டையும் வீணாக்குவதில்லை.

எதிர்வீட்டுத் தம்பி மூன்றரை மணிக்கே முதல் அணுகுண்டைப் பற்றவைத்துவிடுகிறான். எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கின்றன. "ஆறு மணிக்குத்தானப்பா" என்றால், "ஆறு மணிக்கு மழை வந்துட்டா என்ன செய்ய அண்ணாச்சி?" என்கிறான். ஐப்பசி மாதம், கேள்வியில் நியாயம் இருக்கிறது. மழை வந்துவிட்டாலோ, அரசு ஊழியரின் ஈட்டிய விடுப்பைப் போல அந்த ஒரு மணி நேரம் அவன் கணக்கில் சேர்ந்துவிடும். மறுநாள் மத்தியானம் எடுத்துக்கொள்வான். மொட்டை மாடியில் காயவைத்த வெடிகள் வேறு. "இன்னைக்கு வெடிக்கலைன்னா நமுத்துப் போயிரும்லா!"

சரவெடிக்குத் தடை இருக்கிறதே என்றும் கேட்டுப் பார்த்தேன். "சரமா எங்க வெடிக்கேன்? பிரிச்சு ஒண்ணொண்ணாத்தான வெடிக்கேன்" என்றான். ஐந்து நிமிடத்தில் ஒழிந்திருக்க வேண்டிய சத்தம் சாயங்காலம் வரை நீடித்தது. தங்கள் சட்டப் பிரிவில் காலியிடம் இருந்தால் இந்தத் தம்பியைப் பரிசீலிக்கலாம்.

அடுத்தது அளவு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல் வரை போகலாம் என்பது விதி. எங்கள் தெருவே 4 மீட்டர் அகலம் கிடையாது. விதிப்படி நின்று கேட்க வேண்டுமானால் நான் வீட்டின் பின்சுவரை இடித்துக்கொண்டு வாய்க்காலில் போய் நிற்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருப்பதும் இதே அரசாங்கம்தான். பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. அந்தக் கணக்கில் 45-க்கும் 125-க்கும் நடுவே பத்துக் கோடி மடங்கு. காதில் பஞ்சு வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "எத்தனை மணிக்குச் சாப்பாடுன்னா கேக்க?" என்றாள்.

திறந்தவெளியில் எல்லோரும் கூடி வெடியுங்கள் என்கிறீர்கள். அருமையான யோசனை. ஏரலில் திறந்தவெளி என்றால் ஆற்றுமணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் அதை ஆறே எடுத்துக்கொள்கிறது. 2023 டிசம்பரில் அதுவும் போதாதென்று பாலத்தை அறுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குள்ளேயே வந்துபோனது.

ஆகவே தாழ்மையான விண்ணப்பம். ஆணையைத் தலைகீழாகத் திருப்பிவிடுங்கள். இருபத்திரண்டு மணி நேரம் வெடிக்கலாம், இரண்டு மணி நேரம் வெடிக்கக் கூடாது. அந்த இரண்டு மணி நேரமும் மத்தியானம் 2 முதல் 4 வரை இருக்கட்டும். கறிச்சோறு தின்றுவிட்டு ஊரே படுத்திருக்கும் நேரம். எதிர்வீட்டுத் தம்பியும் குறட்டை விடுவான். ஒரு வழக்கும் பதியாமல், ஒரு போலீஸ்காரரும் தெருவில் இறங்காமல், தங்கள் ஆணை நூற்றுக்கு நூறு அமலாகும். எங்கள் ஊருக்கும் ஒரு டெசிபல் மீட்டர் அனுப்பினால், அந்த நேரத்தில் அளந்து, அறிக்கைக்குத் தோதான எண்ணாகவே தருகிறோம்.

பதிலைத் தபாலில் அனுப்பவும். போனில் கூப்பிட வேண்டாம். எதிர்வீட்டில் திருக்கார்த்திகைக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஏரல்வாசி