பரலோகக் கூரியர் வந்த சுற்றுவழி

டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக்குக்கு ஒருநாள் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் போட்டு டேனியர்கள் பிடித்துக்கொண்ட ஊர். எண்பது வருஷத்துக்கு மேலாக அங்கே மூட்டையை எண்ணினார்கள், லாபத்தை எண்ணினார்கள். ஊர்க்காரனுக்கு வேதத்தில் நாலு வார்த்தை சொல்லலாமே என்று மட்டும் எண்ணவில்லை. அரசர் எண்ணினார். உடனே ஆள் தேடச் சொன்னார். டென்மார்க்கில் ஒருவரும் சிக்கவில்லை. ஆகவே தெய்வ அழைப்பு ஜெர்மனிக்குத் திருப்பிவிடப்பட்டது.

அங்கே சிக்கியவர்கள் இரண்டு பேர்: பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்ரிக் புளூட்சோ. சீகன்பால்கு ஐயருக்கு அப்போது 23 வயது. உடம்புக்கு முடியவில்லை என்று ஹாலே பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஏழு மாதக் கப்பல் பயணத்துக்கும் சோழமண்டலத்து வெயிலுக்கும் இப்படி ஒருவரைப் பரலோகம் தவிர வேறு எந்த அலுவலகமும் தேர்ந்தெடுக்காது.

1706 ஜூலை 9-ஆம் தேதி கரை இறங்கினார்கள். அரசர் ஆணையோடு வந்திருக்கிறோம், மாலை மரியாதை இல்லாவிட்டாலும் ஒரு நாற்காலியாவது போடுவார்கள் என்று நினைத்திருக்கலாம். கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் சாயங்காலம் வரை ஊருக்கு வெளியே காக்க வைத்தார். அரசர் கடிதம் 'உதவி செய்' என்றது. ஊரை நடத்திய டேனிய வியாபாரக் கம்பெனிக்காரர்கள் காதோடு காதாக ஓதியனுப்பியது 'உபத்திரவம் செய்' என்பது. அரசர் தூரத்தில் இருக்கிறார், சம்பளம் கம்பெனியிலிருந்து வருகிறது. ஹாசியுஸுக்கு எதைக் கேட்பது என்பதில் குழப்பமே இல்லை. இரண்டு பேரையும் சந்தைப் பக்கம் அழைத்துப்போய் நடுத்தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். "நான் உன்னோடு இருக்கிறேன்" என்று ஆண்டவர் சொன்னது உண்மைதான். கூடவே ஹாசியுஸும் இருப்பார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஐயர் மூட்டை கட்டவில்லை. ஒரு வயதான வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பொடிப் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு, மணலில் விரலால் 'அ' எழுதினார். பக்கத்துப் பையனுக்குச் சுழி சரியாக வந்திருக்கும், இவருக்குக் கோணியிருக்கும். ஆனால் 1708-க்குள் ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு பட்டியலும் போட்டுவிட்டார். பையன் என்ன ஆனான் என்று வரலாற்றில் குறிப்பில்லை.

அதே 1708-இல் ஐரோப்பாவிலிருந்து பணப்பெட்டி வந்தது. கப்பல் பத்திரமாகத்தான் வந்தது; தரங்கம்பாடிக் கரையைத் தொடுவதற்குள் பெட்டி கடலுக்குள் போய்விட்டது. வருஷக் கடைசியில், ஒரு விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசப்போன ஐயரை, ஹாசியுஸ் நாலு மாதம் சிறையில் போட்டார். வாடகை இல்லாத இடம், தொந்தரவு செய்ய ஆளில்லை. ஐயர் அங்கே உட்கார்ந்து எழுதினார்.

அடுத்து அச்சு எந்திரம். லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் 1711-இல் ஓர் எந்திரத்தையும் அதை ஓட்ட யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுக்காரரையும் கப்பலேற்றி அனுப்பியது. பிரேசில் கரையில் கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. ஒருவழியாக மீண்டு கிளம்பினால், ஃபிங்க் பாவம் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். எந்திரம் மட்டும் தனியாக வந்து சேர்ந்தது. இப்போது எந்திரம் உண்டு, ஓட்டத் தெரிந்தவர் இல்லை. விசாரித்தால், தரங்கம்பாடிக் கோட்டையில் துப்பாக்கி தூக்கிக்கொண்டு நின்ற ஒரு சிப்பாய்க்கு அச்சுத்தொழில் தெரியுமாம்!

தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள், ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவில். தமிழ் தெரியாதவர்கள் பயபக்தியோடு செய்த வேலை. ஐயர் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த எழுத்தில் அடித்தால் இருக்கிற காகிதம் போதாது. சின்ன எழுத்து வார்க்க வேண்டும், ஈயம் வேண்டும். லண்டன் நண்பர்கள் அனுப்பிய பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தகடுகளை உருக்கித்தான் வார்த்தார்கள் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. எப்படியோ, 1715-இல் வேலை முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அது. நாலு வருஷத்தில், 36 வயதில், ஐயர் காலமானார். 1718-இல் அவர் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது.

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்கிறவர்கள், ஐயர் எல்லாவற்றையும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டதுபோல் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஹாசியுஸைப் பற்றி ஐரோப்பாவுக்கு முறையிட்டு எழுதியவர்தான். சட்டென்று கோபப்படுகிற ஆள். முறையிட்டுக்கொண்டே வேலையையும் பார்த்தார், அவ்வளவுதான். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற நம்மவர்களுக்கு அவர் சாட்சி சொல்ல மாட்டார். கர்த்தர் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் பணம் கேட்டால் கடலுக்குக் கொடுப்பார், அச்சுக்காரரைக் கேட்டால் சிப்பாயைக் காட்டுவார், ஈயம் கேட்டால் பாலாடைக்கட்டி அனுப்புவார். வந்ததைப் பிரித்துப் பார்த்து, இது எதற்கு ஆகும் என்று கண்டுபிடிக்கிற வேலை நம் தலையில். கட்டியைத் தின்றுவிட்டுத் தகட்டைத் தெருவில் எறிகிற வீடாக இருந்திருந்தால், ஜெபம் கேட்கப்படவில்லை என்று இன்னொரு முறையீடு ஐரோப்பாவுக்குப் போயிருக்கும்.