மருமகனுக்கு ஒரு மீட்டர்

வாய்யா மருமகனே! சோலார் கம்பெனி ஆரம்பிச்சிட்டியாமே. விசிட்டிங் கார்டு அடிச்சாச்சு, பனியன்ல பேர் போட்டாச்சு, 3 கிலோவாட் போட்டா 78,000 ரூவா மானியம்னு ஊரெல்லாம் நோட்டீஸும் ஒட்டியாச்சு. செக் பண்ற சாமான் மட்டும் இன்னும் வாங்கலையாக்கும்? அதுக்கென்ன அவசரம்! ரோட்டோரம் தார்ப்பாய் விரிச்சு மஞ்சக் கலர் மீட்டர் விக்கிறான் பாரு, அது போதாதா?

அதுல 10 ஆம்ஸ் ஓட்டைக்குப் பக்கத்துல பொடி எழுத்துல 'அன்ஃபியூஸ்டு'ன்னு போட்டிருப்பான். உள்ள ஃபியூஸ் கிடையாதுன்னு அவனே ஒத்துக்கிடுறான், யோக்கியன். இப்ப வர்ற 540 வாட் பேனலை நல்ல வெயில்ல ஷார்ட் பண்ணினா 13 ஆம்ஸுக்கு மேல ஓடும். அதை 10 ஆம்ஸ் ஓட்டைல விட்டுட்டு, புகை வந்ததும் பதறி ஒயரைப் புடுங்குவே பாரு, வேடிக்கை அங்கதான். ஏசி கரண்டு செகண்டுக்கு 100 தடவை சைபரைத் தொட்டுட்டு வரும், பொறி தன்னால அணைஞ்சிரும். டிசிக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. நீ இழுக்க இழுக்க தீ நீளும். புதுப் பனியன் வேற.

ஆயுசு பூரா மோட்டாருக்குக் காயில் கட்டினவன்ட்ட டாங் டெஸ்டர் இருக்கும், ஓசில வாங்கிட்டுப் போயிரலாம்னுதானே வந்திருக்கே? தாராளமா எடுத்துக்கோ. பேனல் ஒயர்ல மாட்டு. சைபர் காட்டும். அது ஏசி டாங்கு, கரண்டு ஏறி இறங்கினாத்தான் அதுக்கு உசிரு. டிசி ஆம்ஸ் அளக்கணும்னா ஹால் சென்சார் வச்ச கிளாம்ப் மீட்டர் வேணும். கடைக்காரன் 'டிசி வோல்ட்'னு எழுதியிருக்கிறதைத் தொட்டுக் காட்டி உன் தலைல கட்டப் பாப்பான், 'டிசி ஆம்ஸ்' இருக்கான்னு நீ பாரு. பக்கத்தூர்ல ஒருத்தன் ஏசி டாங்கை மாட்டி, சைபரைப் பாத்து, நல்ல பேனலையெல்லாம் கழட்டிக் கீழ இறக்கிட்டான். வீட்டுக்காரர் ரொம்ப நல்லவரு, காப்பி வேற குடுத்தாராம்.

வோல்ட் மட்டும் பாத்தாப் போதும்ங்கிறியா? இந்த வோல்ட் இருக்கே, அது ஊர்ப் பெரிய மனுசன் மாதிரி, எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கிக்கிடும். காலைல 7 மணி இளவெயில்லயே அந்த 540 வாட் பேனல் 45 வோல்ட் பக்கம் வந்து நிக்கும். உச்சிவெயில்லயும் கிட்டத்தட்ட அதேதான், பேனல் சுட்டா இன்னும் இறங்கக்கூடச் செய்யும். வெயிலுக்குத் தக்கன ஏறி இறங்குறது ஆம்ஸு. அப்ப வெயில் எவ்வளவுன்னு தெரியாம ஆம்ஸைப் பாத்து என்ன செய்ய? அதுக்குத்தான் வெயில் அளக்குற மீட்டர். கம்பெனிக்காரன் 540ன்னு எழுதினது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில்ல, செல்லு 25 டிகிரில இருக்கும்போது. சித்திரை மாசம் நம்ம கமுதி மொட்டை மாடில 25 டிகிரி செல்லைக் காட்டு, உனக்குக் கோயில் கட்டுறேன். அந்த மீட்டரையும் உள்ளங்கைல மட்டமா வச்சுப் பாக்காத, பேனல் சாஞ்ச சாய்வுலயே வைக்கணும். 2016ல இங்கன 648 மெகாவாட் போட்டப்பவே மீட்டர் தூக்கிப் பழகின பயலுக ஊர்ல இருக்கானுக, சிரிப்பானுக.

ஆனா உனக்கு ஆசை அதுல இல்லை. சூட்டைக் கலர் கலராக் காட்டுற தெர்மல் கேமராலதானே கண்ணு? வாங்கு, வாங்கு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம். சதுர மீட்டருக்கு 600 வாட் வெயிலாவது அடிக்கணும், சிஸ்டம் லோடுல ஓடணும், அப்பத்தான் அது ஒழுங்காப் பேசும். கண்ணாடிக்கு நேரா நின்னு எடுத்தேன்னா உன் மூஞ்சியே சூடான செல்லாத் தெரியும். அதையும் ரிப்போர்ட்ல சேத்துரு. பேனலோட ஆம்ஸையும் வோல்ட்டையும் கோடா வரைஞ்சு காட்டுற ஐ-வி கர்வ் டிரேசர் லட்சத்துல போகும், பெரிய வேலை வந்தா வாடகைக்கு எடுத்துக்கோ.

எர்த் டெஸ்டரைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். டெஸ்ட்டுக்கு முன்னால, ரீடிங் நல்லா வரட்டும்னு குழில நாலு குடம் தண்ணி ஊத்துற வித்தை உங்க ஆளுகளுக்கே கைவந்தது.

முதல்ல காசு போடுறதுன்னா லீக்கேஜ் பாக்குற மெக்கர்ல போடு. சிரிக்காத. கரண்டைப் பாக்குறதுக்குத்தான் வெயில் வேணும், லீக்கேஜ் ஈரத்துலதான் தலை காட்டும். ராத்திரிப் பனில நனைஞ்ச கனெக்டர் விடியக்காலைல இன்வெர்ட்டரை ட்ரிப் பண்ணும். கஸ்டமர் போன் போடுவாரு. நீ தோசை தின்னு, தலை சீவி, 12 மணிக்குப் போய் நிப்ப. எல்லாம் காஞ்சிருக்கும், ஒண்ணுமே இல்லைம்ப. மறுநாள் காலைல மறுபடியும் போன். பேனல் வெளிச்சத்துல இருக்கும்போதே அளக்கத் தோதான மெக்கராப் பாத்து வாங்கு. 120 வோல்ட்டுக்கு மேல 500க்குள்ள ஸ்ட்ரிங்குன்னா 500 வோல்ட் விட்டுப் பாரு, 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. அதுக்கு முன்னால இன்வெர்ட்டரையும் சர்ஜ் அரெஸ்டரையும் கழட்டிரு. கழட்டாம மெக்கரைச் சுத்தினேன்னா, கஸ்டமருக்கு ஒரு புது இன்வெர்ட்டர் விக்கலாம், உன் காசுல.

என்ன, கிளம்பிட்டியா? நம்ம கிணத்து மேட்டு சோலார் பம்பும் நாலஞ்சு நாளா காலைல ட்ரிப் ஆகுது. வெள்ளிக்கிழமை விடியுமுன்னாலயே மெக்கரோட வந்துரு, அத்தை காப்பி போட்டுக் குடுக்கும். கூலியா? சொந்தத்துக்குள்ள என்னய்யா கூலி!