எம்பசி சித்தப்பா

எங்கள் தெருவில் யார் வீட்டு வாசலில் பெட்டி எடை போட்டாலும் அங்கே எம்பசி சித்தப்பா நிற்பார். தூக்கிவிட இல்லை. கையில் அவருடைய சொந்தத் தொங்கு தராசு இருக்கும். கொக்கியில் பெட்டியை மாட்டச் சொல்லி, முள் ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்து, "முப்பத்தொண்ணு. ஒரு கிலோ முறுக்கை வெளிய எடு" என்று தீர்ப்புச் சொல்வார். வெளியே எடுத்த முறுக்கு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் அவருடைய ஃபீஸ்.

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் இப்படி ஒருவர் இல்லாமல் முடியாது. புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் இங்கே வந்துதான் ஏறுகிறார்கள். சமயபுரத்துக்கு ஒரு தேங்காய், சித்தப்பாவுக்கு ஒரு நடை. அதன் பிறகே பயணம்.

பொதுப்பணித் துறையில் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாடு போனதே இல்லை. அதை அவர் மறைப்பதும் இல்லை. "போய்ட்டு வந்தவனுக்கு அவன் போன ஊரு ஒண்ணுதான் தம்பி தெரியும்" என்பார். எங்கும் போகாததால் எல்லா ஊரும் தெரியும் என்பது கணக்கு.

தெரியும் என்றால் அவர் வழியில் தெரியும். நான் ஜப்பான் என்றால் ஃபூஜி மலை, செர்ரிப் பூ என்று நினைப்பேன். அவருக்கு அது 100 வோல்ட் தேசம். "நம்ம மிக்ஸி அங்க முனகும், அரைக்காது." சிங்கப்பூர் என்றால் 230 வோல்ட், சதுர முள் மூன்று வைத்த பிளக், நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஆஸ்திரேலியா என்றால் கங்காரு இல்லை, இறங்குமுன் தரும் அட்டை. "சாப்பாட்டுச் சாமான் இருக்கான்னு கேப்பான். ஊறுகாய் இருந்தா ஆமான்னு போட்டுரு. சந்தேகமா இருந்தாலும் ஆமாதான். இல்லைன்னு போட்டுட்டுப் பெட்டியில அகப்பட்டா, டிக்கெட் காசைவிட அபராதம் ஜாஸ்தி." படிவங்கள் வழியாகவே பார்த்தால் ஒரு நாடு என்பது எதை எதைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் ஒரு கண்டிப்பான மாமியார். சித்தப்பா உலகத்தில் இருக்கும் எல்லா மாமியார்களுக்கும் பழக்கம்.

தெருப் பையன்களின் படிப்பில்கூட அவருக்கு அக்கறை உண்டு. பத்தாவது தேறாதவனின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு ஏறும். அதோடு வேலைக்குப் போக வேண்டுமானால், வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு 1983-ம் வருஷச் சட்டப்படி தனி அனுமதி வாங்க வேண்டும். ஆகவே கிரிக்கெட் மட்டையோடு போகிறவனை நிறுத்திச் சொல்வார்: "பத்தாவது பாஸ் பண்ணிருடா. அப்பனுக்காக இல்ல, குவைத்துக்காக."

பெயர் விஷயத்தில்தான் அவருடைய புலமை உச்சத்துக்குப் போகும். பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப்பெயருக்கு ஒரு கட்டம். நமக்கோ ஓர் எழுத்து, ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின்னால் நாம், முன்னால் அப்பா. இன்ஷியல் அங்கே செல்லாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் பாடு 2022 நவம்பரில் தெரிந்தது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா கிடையாது என்று அமீரகம் சொல்லிவிட்டது. சில நாளில் கொஞ்சம் தளர்த்தினார்கள் என்றாலும், அந்த வாரம் முழுக்கச் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ஒற்றைப் பெயர்க்காரர்களின் கூட்டம். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லோருக்கும் டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவர் சொன்னபடி அப்பா பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டவன். போன வருஷம் சிங்கப்பூர் ஓட்டலில் வரவேற்புப் பெண் வாய் நிறையச் சிரித்து, "வெல்கம், மிஸ்டர் கோவிந்தசாமி" என்றாள். மணப்பாறை மாட்டுச்சந்தையைத் தாண்டி அறியாத என் அப்பா, இறந்து பதினோரு வருஷம் கழித்து, பதினாலாவது மாடியில் ஓர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அமெரிக்க விசாவுக்கு ஒத்திகை நடத்துவதில் சித்தப்பாவுக்குத் தனிப் பிரியம். சமையலறை ஜன்னல்தான் சென்னைத் துணைத் தூதரகத்தின் கவுண்டர். அவர் உள்ளே, விண்ணப்பதாரர் பின்கட்டில் துவைக்கிற கல் பக்கத்தில். எதிர்வீட்டு அம்மாவுக்கு அறுபத்து நாலு வயது. மகள் பிரசவத்துக்குப் போக வேண்டும். "எதுக்குப் போறீங்க?" என்றார் சித்தப்பா, குரலை மூக்குக்குக் கொண்டுபோய். "டெலிவரிக்கு" என்றார் அந்த அம்மா. "உங்களுக்கா?" என்று கேட்டு ஜன்னலைச் சாத்திவிட்டார் அதிகாரி. மறுபடி திறந்து விளக்கம்: பிள்ளை பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றால் ஆயா வேலைக்கு வருவதாக நினைத்துவிடுவான். மகளைப் பார்க்கப் போகிறேன், திரும்பி வருவேன், அவ்வளவுதான். திரும்பி வருவதற்குச் சாட்சியாக வீட்டு வரி ரசீது. அந்த அம்மாவுக்குப் பத்து வருஷ விசா கிடைத்தது. வரி ரசீதைக் கேட்கவில்லையாம். சித்தப்பா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

என் சிங்கப்பூர்ப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஊர் வருகை அட்டையைப் போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் இணையத்தில் நிரப்ப வேண்டும். "அதுக்குக் காசு கிடையாது. காசு கேக்குற பக்கம் எல்லாம் போலி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் தெருவில் எத்தனை பேர் பணம் தப்பியதோ, அதற்காகவே எவ்வளவு முறுக்கும் கொடுக்கலாம். பிறகு பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதம் உயிர் இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணினார். என் மகன் சட்டைப்பையிலிருந்து சூயிங்கம் பறிமுதலானது. "1992லயே தடை பண்ணிட்டான்" என்று சொல்லி அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். கடைசியில் பெட்டிக்குள் தலையை விட்டு ஒரு பொட்டலத்தை மோந்து பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் குருமாப் பொடியில கசகசா போட்டிருக்கியா?"

என் மனைவி பெருமையாக, "கொஞ்சம் தாராளமாவே போட்டிருக்கேன் சித்தப்பா" என்றாள்.

"கசகசா அங்க தடை பண்ண சரக்கும்மா. போதைப்பொருள்காரன் கேட்டா குருமான்னு சொல்வியா?"

பொடி அவர் வீட்டுக்குப் போனது. அன்று ராத்திரி அந்தத் தெருவில் வந்த குருமா வாசனையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. தடையைப் பற்றி அவர் சொன்னது உண்மை, சிங்கப்பூர் மட்டுமில்லை, துபாயிலும் அப்படித்தான்.

கூடவே ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் தயாரித்துக் கொடுத்தார். திரும்பும் டிக்கெட், ஓட்டல் பதிவு, வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, கல்யாணச் சான்றிதழ், எல்லாம் மும்மூன்று பிரதி. "அவன் கேக்குறதுக்கு மின்னாடி நீ எடுக்கக் கூடாது. கேட்டப்புறம் தேடவும் கூடாது" என்று சொல்லி, எடுக்கும் விதத்தை நான்கு முறை செய்து காட்டினார்.

சாங்கி விமான நிலையத்தில் நான் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அங்கே அதிகாரி என்று யாருமில்லை. ஒரு கண்ணாடிக் கதவு, ஓர் இயந்திரம். பாஸ்போர்ட்டை வை என்றது, முகத்தைக் காட்டு என்றது, திறந்துவிட்டது. பின்னால் வந்தவர் இடித்தபோதுதான் நான் உள்ளே வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

ஊர் திரும்பிய அன்று பல் தேய்க்கும்முன் சித்தப்பா வாசலில். "என்ன கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கல சித்தப்பா. மிஷின்தான் இருந்துச்சு. அதுவே விட்டுருச்சு."

"சம்பளச் சீட்டு?"

"கேக்கல."

"கல்யாண சர்ட்டிபிகேட்டு?"

"இல்ல."

வெகுநேரம் யோசித்தார். தராசைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒண்ணுமே கேக்கலைன்னா உன் மேல என்னவோ சந்தேகம் தம்பி. அடுத்த தடவை நாலு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போ."